பழைய மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 வசதி பல பழைய கணினிகளில் இல்லை. அதற்காக, நன்றாக ஓடுகிற சின்ன மடிக்கணினியைத் தூக்கிப் போடச் சொல்வது அநியாயம்.

2011-இல் மாணவர்களுக்கு அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினியிலேயே விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் பக்கத்தில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. என்னுடைய ஒன்றரைக் கிலோ மடிக்கணினியில், 4 ஜி.பி. நினைவகத்தில், லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. தாராளமாக ஓடுகிறது. முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் ஏற்றிக்கொள்ளலாம். தமிழ் விசைப்பலகையும் உண்டு, பிரெஞ்சும் உண்டு. ‘அக்சான்’ போட அலைய வேண்டியதில்லை (எனக்கு அது முக்கியம்).

மரக்காணத்தில் கணினிக்கு நிஜமான எதிரி உப்புக்காற்றுதான். யு.எஸ்.பி. துளைகள் துருப்பிடிக்கின்றன. வேலை முடிந்ததும் மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுகிறேன்.