ஓட்டக் காரின் முன்தகடு

கல்முனை வழியே செல்லும் கரையோரச் சாலையில், முகப்பின் அடியில் நாக்கை நீட்டினாற்போல் கரிய தகடு பூண்ட கார்கள் சிலவேளை எம் கண்ணிற்படுகின்றன. ‘ஸ்பிளிட்டர்’ என்பது அத்தகட்டின் பெயர். அணிகலன் என்றே பலரும் எண்ணுவர்.

விரைந்து செல்லும் காரின் முகப்பில் காற்று மோதித் தேங்கித் தகட்டின் மேற்புறத்தை அமுக்குகின்றது. அடிப்புறத்தே விரைந்தோடும் காற்றின் அழுத்தமோ குறைகின்றது. இவ்வேறுபாடே முன்சக்கரங்களை நிலத்தோடு அழுத்துவது. இவ்விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 200 கிலோமீற்றரிற் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்கே 50 கிலோமீற்றரிற் கிட்டும். ஊருக்குள் வேகத்தடையில் உராய்வதுதான் மிச்சம்!

பந்தயத் தளத்தில் ஓட்ட விழையும் மாணவர்கள், தகட்டினும் அதனைத் தாங்குவதையே முதலில் நோக்குதல் வேண்டும். 1969 மே 4 இல், பார்சிலோனாப் பந்தயத்தில், கிரஹாம் ஹில், யோக்கன் ரின்ட் இருவரது லோட்டஸ் கார்களிலும் உயர்ந்த பின்னிறகுகள் ஓட்டத்திலேயே முறிந்தன. இருவரும் தடுப்பில் மோதினர். முன்தகடு கழன்று சக்கரத்தின் கீழ் மடியின் சுக்கான் கைக்கு அடங்காது.

ஆதலால் பிளாஸ்டிக் பம்பரில் திருகாணி முடுக்குதல் போதாது. உட்புற உருக்குச் சட்டத்திலிருந்து தாங்கிகள் இறங்க வேண்டும். முன்விளிம்பை இரு கம்பிகள் மேலிருந்து பற்ற வேண்டும். ஆள் ஏறி நின்றாலும் வளையாதிருத்தலே பந்தயக்காரர் சோதனை. தகட்டுக்குப் பிளைவுட் பலகையும் ஆகும். நம் வள்ளங்களுக்கு உதவும் கண்ணாடி நாரும் ஆகும். அலுமினியமாயின் உப்புக் காற்றை மறத்தலாகாது: துருப்பிடியா உருக்கு ஆணி அதனை நேரே தொட்டால் அலுமினியமே அரிக்கப்படும். இடையே நைலோன் வாஷர் இடுக.