மே 1 அன்று மெரினாவுக்குப் போவோம்!



முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் 'கோடை விடுமுறையை எப்படிக் கழித்தாய்?' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் ஊட்டிக்குப் போனதாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பத்துக்கு எட்டு மார்க் கிடைத்தது. நான் ஊட்டியைப் பார்த்ததே இல்லை! பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கொடைக்கானல் எழுதினாள். அவளும் போகவில்லை. இன்டர்வெல்லில் இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு வரவில்லை.

ஏன் பொய் எழுதினோம்? உண்மையை எழுதினால் நாலு வரிதான் வரும். 'காலையில் எழுந்தேன். டி.வி. பார்த்தேன். தம்பியைப் பார்த்துக்கொண்டேன். தூங்கினேன்.' அவ்வளவுதான். நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். அப்பாவுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். அம்மாவுக்கு வேறு கம்பெனி, வேறு ஷிப்ட். ஒருத்தர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருத்தர் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறார். எங்கள் வீட்டில் ஆயாவையும் சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது கடைசியாகப் பொங்கலன்று.

"டூர் போகணும்னா காசு வேணும் பாப்பா" என்று அப்பா சொல்வார். நான் யோசித்துப் பார்த்தேன். காசு மட்டும் இல்லை, எல்லாருக்கும் ஒரே நாளில் லீவும் இல்லை. இரண்டாவதுதான் பெரிய பிரச்சினை. காசு இல்லாமல் போகிற இடம் எத்தனையோ இருக்கிறது. அப்பா இல்லாமல், அம்மா இல்லாமல் போனால் அது குடும்பத்தோடு போனது ஆகுமா?

அப்படி எல்லாருக்கும் லீவான நாள் ஒன்று கோடை விடுமுறையில் இருக்கிறது. அதுதான் மே 1. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் தொழிற்சாலைகளில் சம்பளத்தோடு விடுமுறை என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. இந்த நான்கில் நம் முழு ஆண்டு விடுமுறைக்குள் வருவது மே 1 மட்டும்தான். அன்று குடும்பத்தோடு சென்னைக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் கோயிலையும் காஞ்சிபுரத்தையும் நாம் பலமுறை பார்த்தாயிற்று. கடல்தான் நமக்கு இல்லை.

"மெரினாதானா? அது ஒரு டூரா?" என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். கீழே உள்ள எதற்கும் டிக்கெட் கிடையாது.

முதலாவது, உழைப்பாளர் சிலை. நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிற சிலை. அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக வந்த முதல் இந்தியர். 1959-இல் வைத்தார்கள். கடற்கரையில் தலைவர்களுக்கும் புலவர்களுக்கும் சிலை இருக்கிறது. பேர் இல்லாத வேலைக்காரர்களுக்கு இருப்பது இது ஒன்றுதான். கன்வேயரில் எட்டு மணி நேரம் நிற்கிற அப்பாவை அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

மே 1 அன்று ஏன் லீவு விடுகிறார்கள் தெரியுமா? 1886-இல் எட்டு மணி நேரம்தான் வேலை என்று கேட்டு அமெரிக்கத் தொழிலாளர்கள் அன்றைக்குத்தான் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது எங்கே? டெல்லியிலோ பம்பாயிலோ இல்லை. 1923-இல் நம் சென்னைக் கடற்கரையில்! ம. சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டம் நடத்தினார். அதே மணலில் அதே நாளில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிடுவது சாதாரண டூரா?

இரண்டாவது, கப்பல். கரையில் நின்றால் தூரத்தில் கப்பல்கள் நிற்பது தெரியும். நம் ஹைவேயில் ராத்திரி பகலாகப் போகிற கன்டெய்னர் லாரிகளில் பல அந்தப் பக்கம்தான் போகின்றன. நம் பகுதியில் செய்கிற கார்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி வெளிநாடு போகின்றன. ஆனால் ஒரு காலத்தில் சென்னையில் கப்பல் வந்து ஒட்டி நிற்க இடமே இல்லை. நடுக்கடலில் நிறுத்திவிட்டு, ஆளையும் மூட்டையையும் மசூலாப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுவருவார்களாம். 1861-இல்தான் இரும்புப் பாலம் போட்டார்கள். பிறகு கட்டிய துறைமுகச் சுவரை 1881-இல் புயல் உடைத்தது. திரும்பவும் கட்டினார்கள். அந்தச் சுவர் தடுத்ததால்தான் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமானது. நாம் விளையாடுகிற மணலே துறைமுகம் கொடுத்ததுதான்!

மூன்றாவது, ஐஸ் ஹவுஸ். இப்போது விவேகானந்தர் இல்லம். உள்ளே போனால்தான் கட்டணம், வெளியே நின்று பார்க்கக் காசு இல்லை. 1842-இல் கட்டியது. ஐஸ் பேக்டரி இல்லாத காலத்தில் அமெரிக்காவில் உறைந்த ஏரியிலிருந்து ஐஸை வெட்டி, கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தம்பியிடம் சொன்னேன். "வழியிலேயே உருகாதா?" என்று கேட்டான். மரத்தூள் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள் என்றேன். இன்னும் நம்பவில்லை.

நேரம் இருந்தால் நாலாவது, எம்டன் கல்வெட்டு. குறும்பு செய்தால் "சரியான எம்டன்டா நீ" என்று ஆயா திட்டுவார்களே, அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மீது குண்டு போட்டு எண்ணெய் டேங்குகளை எரித்தது. உயர் நீதிமன்ற மதில் ஓரமாக அதற்குக் கல்வெட்டு இருக்கிறது.

சரி, இலவசம் என்றால் முழுவதும் இலவசமா? இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பூந்தமல்லி போய் அங்கிருந்து அண்ணா சதுக்கம் பஸ் பிடிக்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. ஆகவே அம்மா, ஆயா, நான் மூன்று பேருக்கும் அந்த பஸ்ஸில் செலவு இல்லை. அப்பாவுக்கும் தம்பிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். மணலில் நடக்க முடியாத பெரியவர்களுக்காக மெரினாவில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், வீல்சேர் கூடப் போகும். சுண்டல் வாங்குவதும் பலூன் சுடுவதும் அவரவர் விருப்பம்.

பணத்தைவிடப் பெரிய செலவு இரண்டு இருக்கிறது.

ஒன்று, அன்று வேலைக்குப் போனால் டபுள் சம்பளம். போன வருஷம் மே 1-ஆம் தேதி அப்பா வேலைக்குப் போனார். அந்தக் காசில்தான் ஜூனில் எங்களுக்கு நோட்டும் பையும் வாங்கினார். அதனால் "ஏன் போனீங்க?" என்று என்னால் கேட்க முடியாது. யாரும் அவரவர் அப்பாவைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் நாம் ஒன்று செய்யலாம். "அப்பா, பழைய பையே இந்த வருஷமும் போதும். அந்த ஒரு நாள் மட்டும் எங்களோட வாங்க" என்று கேட்கலாம். நான் கேட்டுவிட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் காலண்டரில் மே மாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

இரண்டு, அம்மாவின் தூக்கம். "கட்டுச்சோறு யாரு கட்டுறது? நாலு மணிக்கு நான்தானே எழுந்திருக்கணும்? அதுக்கு வேலைக்கே போயிடலாம்" என்றார் அம்மா. நியாயம்தானே? எல்லாருக்கும் லீவு, அம்மாவுக்கு மட்டும் இரண்டு மடங்கு வேலை என்றால் அது என்ன தொழிலாளர் தினம்? அதனால் முதல் நாள் ராத்திரியே நானும் தம்பியும் புளிக்காய்ச்சல் செய்து வைப்போம். தண்ணீர் பாட்டில் தம்பி பொறுப்பு. ஆண் பிள்ளைகளே, இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்!

இன்னும் ஒரு எச்சரிக்கை. மே மாத வெயிலில் மணல் சுடும், நாலு மணிக்கு மேல் மணலில் இறங்குவது நல்லது. மெரினா அலை இழுத்துவிடும். கணுக்கால் நனைத்தால் போதும். குளிக்கவே கூடாது. சாப்பிட்ட இலையையும் கவரையும் திரும்ப எடுத்து வர வேண்டும்.

கடைசியாக, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தவறாக நினைக்க வேண்டாம். இந்த ஜூனில் 'விடுமுறையில் எங்கே போனாய்?' என்று கேட்காமல், 'வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்த ஒரு நாளைப் பற்றி எழுது' என்று கேளுங்கள். மெரினா போனவர்கள் அதை எழுதுவார்கள். போக முடியாதவர்கள் மொட்டை மாடியில் நிலாச்சோறு சாப்பிட்டதை எழுதுவார்கள். ஊட்டிப் பூங்காவை யாரும் பொய்யாக வர்ணிக்க வேண்டியிருக்காது.

எனக்கு எட்டு மார்க் வேண்டாம். ஆறு போட்டாலும் பரவாயில்லை. இந்த முறை உண்மையை எழுத வேண்டும்.

நண்பர்களே, மே 1 மாலை உழைப்பாளர் சிலை பக்கம் நம் ஊர் முகம் ஏதாவது தெரிந்தால் கை காட்டுங்கள். நாங்களாகத்தான் இருக்கும்!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி