குடத்துக்குள்ள யார் பேரு?

கும்மிடிப்பூண்டி பக்கம் டெட்எக்ஸ் கருத்தரங்கம் ஒண்ணு நடத்தணும்னு நண்பர்கள் சிலர் கிளம்பியிருக்காங்க. நல்ல விஷயம்தான். சிப்காட்டுன்னா இரும்பு உருக்கறது, லாரி போறது, ஷிப்ட் மாத்தறது, இது தவிர வேற ஒண்ணும் இல்லைன்னு ஊர்ல ஒரு பேரு இருக்கு. அதை மாத்தலாம். ஆனா பேச்சாளர்களை எப்படி எடுக்கப் போறீங்கன்னு கேட்டேன் பாருங்க, அங்கேதான் வயித்தைக் கலக்கிடுச்சு. இணையத்துல ஒரு படிவம். கூடவே ஒரு நிமிஷ வீடியோ, அதுவும் இங்கிலீஷ்ல. வந்ததுல எட்டுப் பேரைக் குழு பொறுக்கும். முடிஞ்சது.

டெட்எக்ஸ் 2009ல ஆரம்பிச்ச ஏற்பாடு. அமெரிக்காவுல இருக்கற டெட் அமைப்பு உரிமம் மட்டும்தான் கொடுக்கும், பேச்சாளர் யாருன்னு முடிவு பண்றது உள்ளூர்க்காரங்கதான். பேச்சு 18 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. பேசறவருக்குக் காசு கிடையாது, பேசறவர் காசு கொடுத்து மேடை ஏறவும் கூடாது. எந்த மொழியில வேணும்னாலும் பேசலாம். (ஆமாங்க, இங்கிலீஷ் கட்டாயம்னு அவங்க சொல்லவே இல்லை. நாமளா போட்டுக்கிட்ட விலங்கு அது.) போலி அறிவியல் பேசறவங்களை மேடையேத்தினா உரிமத்தையே பிடுங்கிடுவோம்னு 2012 டிசம்பர்ல அமைப்பாளர்களுக்கெல்லாம் ஒரு கடிதமும் போச்சு. ஆக, வர்றவங்களை வடிகட்டறதுக்கு விதி நிறையவே இருக்கு. வராதவங்களைத் தேடிப் போறதுக்குத்தான் ஒரு விதியும் காணோம்.

இந்தப் படிவத்தை யார் நிரப்புவாங்கன்னு கொஞ்சம் யோசிங்க. ஏற்கனவே நாலு மேடை பார்த்தவர், தன்னம்பிக்கைப் பேச்சாளர், கல்லூரி நிர்வாகி, புதுசா கம்பெனி ஆரம்பிச்ச பையன். உலைக்குப் பக்கத்துல இருபது வருஷம் நின்னு, தீப்பொறி எந்தப் பக்கம் தெறிக்கும்னு சத்தத்தை வச்சே சொல்ற ஆள் நிரப்ப மாட்டார். செங்கல் சூளைப் பிள்ளைகளைப் பாதி வருஷத்துல பள்ளிக்கூடத்துல சேர்த்து, மறுபடி ஓடிடாம பார்த்துக்கற டீச்சருக்கும் நேரம் இருக்காது. நம்ம மாவட்டம் குத்தம்பாக்கத்துல இளங்கோ 1996ல ஊராட்சித் தலைவர் ஆனார். கெமிக்கல் இஞ்சினியர் வேலையை விட்டுட்டு ஊருக்குத் திரும்பி வந்தவர். இன்னைக்கு அவரைத் தெரியாத கருத்தரங்கம் கிடையாது. 1996லயே அவரை உங்க படிவம் கண்டுபிடிச்சிருக்குமா?

அருணாசலம் முருகானந்தத்தை எடுத்துக்குங்க. கோயம்புத்தூர்க்காரர், குறைஞ்ச விலையில நாப்கின் செய்யற இயந்திரம் கண்டுபிடிச்சவர். 2012ல டெட் அமைப்பே 14 நகரங்கள்ல ஆள் தேடிக் கிளம்பினப்போ பெங்களூர் மேடையில அவர் பேசினார். இலக்கணம் தப்புற, தமிழ் வாடை அடிக்கற இங்கிலீஷ். அரங்கம் குலுங்கிச் சிரிச்சுது, கூடவே கேட்டுது. பத்மஸ்ரீ கிடைச்சது 2016ல. உச்சரிப்புக்கு மார்க் போட்டிருந்தா முதல் சுத்துலயே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

அவராவது பேசக் கூடியவர். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017ல ஃபுளோரிடா போய், அங்கே காட்டைத் தின்னுக்கிட்டிருந்த பர்மிய மலைப்பாம்புகள்ல 13ஐ ரெண்டு வாரத்துக்குள்ள பிடிச்சுக் கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ. தடம் பார்க்கற அந்த வித்தையை ஒரு நிமிஷ வீடியோவா அனுப்புன்னா எப்படி அனுப்புவாங்க? யாரோ போய்ப் பார்த்து, கூட நடந்து, புரிஞ்சுக்கிட்டுத்தான் கூட்டிட்டு வரணும்.

தேர்வே வேண்டாம், வர்றவங்க எல்லாம் பேசலாம்னு ஒரு கட்சி உண்டு. 2006 ஏப்ரல்ல சென்னை டைடல் பார்க்ல நடந்த பார்கேம்ப் அந்த ரகம்தான். பலகையில பேர் எழுதிட்டுப் பேச வேண்டியதுதான். எனக்குப் பிடிச்ச வடிவம். ஆனா அங்கேயும் பலகைக்கு முதல்ல ஓடறவர் கூச்சமில்லாதவராத்தான் இருப்பார்.

சரி, சீட்டுக் குலுக்கலாமா? நம்ம பழவேற்காட்டுல பாடு முறைன்னு ஒண்ணு உண்டு. ஏரி கடலோட சேர்ற முகத்துவாரத்துப் பக்கம் இறால் நல்லா விழற இடங்கள் கொஞ்சம்தான். யார் வலை எங்கே, என்னைக்குன்னு சீட்டுப் போட்டு முறை வச்சுப் பிரிச்சுக்கறாங்க. பலசாலிக்கே எல்லாம் போகாம இருக்க அருமையான ஏற்பாடு. உத்திரமேரூர் கல்வெட்டுல இருக்கற குடவோலை இன்னும் பழசு, பத்தாம் நூற்றாண்டு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி: முந்தின மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவர் பேரு குடத்துக்குள்ள போகாது. மேடைக்கு மேடை அதே நாலு முகத்தைப் பார்த்துச் சலிச்ச நமக்கு இது உடனே வேணும் சாமி.

ஆனா ரொம்பப் புல்லரிச்சுக்காதீங்க. பாட்டுக்குள்ள வர்றது குறிப்பிட்ட மீனவக் குடும்பங்கள்தான். அதே ஏரியை நம்பிப் பிழைக்கற மத்தவங்க வெளியே நிக்கறாங்க. உத்திரமேரூர்ல கால்வேலிக்கு மேல நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். குலுக்கற கை நேர்மையா இருந்து என்ன பண்ண, உள்ளே போட்ட ஓலையே அவ்வளவுதானே. நம்ம படிவமும் அதே கால்வேலிதான், நிலத்துக்குப் பதிலா இங்கிலீஷும் இணையமும் கேட்குது.

காசு விஷயம் யாருமே பேசறதில்லை. பேசறவருக்குப் பணம் கிடையாதுங்கறது நல்ல நோக்கத்துல வச்ச விதி, மேடை வியாபாரமாகக் கூடாதுன்னு. ஆனா ஒப்பந்தத் தொழிலாளி ஒத்திகைக்கு ஒரு நாள், நிகழ்ச்சிக்கு ஒரு நாள் லீவு போட்டா ரெண்டு ஷிப்ட் கூலி போச்சு. பேராசிரியருக்கு ஓ.டி. கிடைக்கும் (இது ஓவர்டைம் இல்லை, ஆன் டூட்டி!). இன்னொண்ணு, விளம்பரதாரர் பேச்சுல தலையிடக் கூடாதுன்னு டெட்எக்ஸ்ல விதி இருக்கு. ஆனா மேடைக்குப் பின்னாடி பேனர் கட்டப் போறது இங்கத்துக் கம்பெனிகள்தான். சிப்காட் புகையைப் பத்திப் பேசறேன்னு ஒரு அம்மா வந்தா விளம்பரதாரர் தலையிடவே வேண்டாம், குழுவே நைசா அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிடும்.

அதனால நண்பர்கள்கிட்ட சொன்னது இதுதான். பாதி இடத்தைப் படிவத்துக்கு விடுங்க, பாதிக்கு நீங்களே அலைங்க. தமிழ்ல பேசட்டும். வீடியோ கேட்காதீங்க, நேர்ல போய் அரை மணி நேரம் அவங்க வேலை செய்யற இடத்துல கேளுங்க. குழுவுல ஒரு நர்ஸும் ஒரு தொழிற்சங்கக்காரரும் இருக்கட்டும். கூலி கொடுக்க அந்தப் பேரு விடாதுன்னா பேரை விட்டுடுங்க, "நம்ம ஊர் பேச்சு"ன்னு வச்சுக்கிட்டா யார் வந்து கேட்கப் போறா?

எங்கே போய்த் தேடறதுன்னு ஒருத்தர் கேட்டார். சுத்துப்பட்டு ஊராட்சிகள்ல ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு கிராம சபை. கடைசி வரிசையில போய் உட்காருங்க. தண்ணிக்கும் நூறு நாள் வேலைக்கும் எழுந்து நின்னு கேள்வி கேட்கற அந்த ரெண்டு மூணு பேரோட போன் நம்பரை வாங்கிட்டு வாங்க.