வானத்துச் சாட்சி



அண்மையில் பூகோளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், காட்டில் மரம் வெட்டுவதை வானத்திலிருந்தே பார்க்கிறார்களாமே! ஒவ்வொரு மரமாக எண்ணுவார்களா?" என்று வினவினான். கலைப் பட்டதாரியான எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் தேடிப் படித்து அவனுக்குச் சொன்னதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

மரங்களை எண்ணுவதில்லை. 1972-ஆம் ஆண்டு அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் தொடங்கி, இத்தகைய கோள்கள் பூமியைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் மேலெழும் ஒளியை அளக்கின்றன. இன்றைய லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் என்பது தரையில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட இடமாகும். பசுமையான இலை, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். வெட்டிய நிலம் அவ்வளவு அனுப்பாது. ஆகவே சென்ற ஆண்டுப் படத்தையும் இவ்வாண்டுப் படத்தையும் ஒப்பிட்டால் காடு போன இடம் தெரிந்துவிடுகிறது. தனி மரம் ஒன்று வீழ்ந்தால் தெரியாது. தோப்பு வீழ்ந்தால் தப்பாது. மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது என்பதால், மழை குறைந்த மாதங்களின் படங்களையே பெரிதும் நம்புகின்றனர்.

இதனைப் பெருமளவில் பயன்படுத்திவரும் நாடு பிரேசில். அமேசான் காட்டின் அழிவை அந்நாட்டின் தேசிய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 1988 முதல் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருகிறது. 2004-இல் அழிந்தது 27,772 சதுர கிலோமீட்டர். நம் குடும்பத்துப் பிள்ளைகள் பிழைக்கச் சென்றுள்ள குவைத் நாட்டைப் போல் ஒன்றரை மடங்கு, ஒரே ஆண்டில்! ஆனால் ஆண்டுக் கணக்கு என்பது, களவு போன பின் சாமான்களைப் பட்டியலிடுவதற்கு ஒப்பாகும். ஆதலால் 2004-இல் 'டெடெர்' என்னும் மற்றோர் ஏற்பாட்டையும் தொடங்கினர். தெளிவு குறைந்தாலும் அடிக்கடி எடுக்கப்படும் படங்களைக் கொண்டு, புதிதாக வெட்டப்படும் இடத்தைச் சூழல் காவல் துறைக்கு விரைந்து அறிவிப்பதே அதன் பணி. 25 ஹெக்டேருக்குக் குறைந்தது அதன் பார்வையில் சிக்காது என்றறிந்ததும், வெட்டுவோர் சிறு சிறு துண்டுகளாக வெட்டலாயினர். மனிதனின் சாமர்த்தியம் அப்படி! எனினும் 2012-இல் அழிவு 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. பாதுகாக்கப்பட்ட காடுகளின் விரிவு, காடழித்த நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என வணிகர்கள் 2006-இல் செய்துகொண்ட உடன்பாடு ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு.

படம் தரைக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதற்குப் பரகோமினாஸ் என்னும் ஊரைக் கூறலாம். பரா, கோயாஸ், மினாஸ் ஜெராயிஸ் ஆகிய மாநிலப் பெயர்களின் முதற்பகுதிகளைக் கோத்து உண்டான பெயர் அது. ஒரு காலத்தில் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட மர அறுவை ஆலைகள் இயங்கின. 2008-இல் அரசு, காட்டை மிகுதியாக அழிக்கும் 36 வட்டாரங்களின் பட்டியலை வெளியிட்டது. பரகோமினாஸ் அதில் இடம்பெற்றது. சூழல் சட்டத்திற்கு உட்பட்டிருப்பதைக் காட்டாத அமேசான் நில உடைமையாளருக்கு வேளாண் கடன் இல்லை என்ற விதியும் அவ்வாண்டே வந்தது. நவம்பரில், கைப்பற்றப்பட்ட மரங்களை முன்னிட்டுச் சினமுற்ற கூட்டம் அங்கிருந்த சூழல் துறை அலுவலகத்தைத் தாக்கியது.

அதன் பின்னரே ஊரார் அமர்ந்து பேசினர். ஒவ்வொரு பண்ணையின் எல்லையையும் செயற்கைக்கோள் படத்தின்மேல் வரைந்தனர். எந்த நிலம் எவருடையது, ஆற்றங்கரை எது, சட்டப்படி காடாகவே விடவேண்டிய பகுதி எது, முன்பே வெட்டிப் பாழாய்க் கிடக்கும் மேய்ச்சல் நிலம் எது என்பவை வெளிச்சத்துக்கு வந்தன. புதிய வெட்டு படத்தில் தோன்றினால், அது எவர் எல்லைக்குள் என்று நகராட்சி நேரில் சென்று பார்க்க முடிந்தது. வட்டாரத்தின் 80 விழுக்காட்டு நிலம் பதிவாக வேண்டும், ஆண்டு அழிவு 40 சதுர கிலோமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்ற நிபந்தனைகளை நிறைவேற்றி, 2010-இல் அப்பட்டியலிலிருந்து முதன்முதலாக நீங்கிய வட்டாரம் அதுவே. ஆயினும் ஆலைகளும் கரிச்சூளைகளும் மூடப்பட்டபோது அன்றாடக் கூலியை இழந்தோர் உண்டு. இவ்வூரைப் பாராட்டுவோர் அவர்களைக் குறிப்பிடுவது அரிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

சாட்சி சொல்பவருக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். 2019 ஜூலையில், அழிவு மீண்டும் பெருகுவதை டெடெர் காட்டியபோது, அன்றைய அதிபர் போல்சனாரோ அக்கணக்கைப் பொய் என்றார். நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவோ என்னும் இயற்பியல் அறிஞர், அஞ்சி வாய்மூடாமல் தம் நிறுவனத்தின் கணக்கை வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். ஆகஸ்டுத் தொடக்கத்தில் அவர் பதவி பறிபோனது. அவ்வாண்டின் முழுக் கணக்கு வந்தபோது அழிவு 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. 2021-இல் 13,000-ஐயும் கடந்தது.

ஆட்சி மாறியபின், 2023-இல் கல்வாவோ அந்நாட்டின் தேசிய அறிவியல் ஆய்வுக் குழுவின் தலைவராக நியமிக்கப்பெற்றார். 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் அழிவு ஏறத்தாழ 6,300 சதுர கிலோமீட்டர்.