மாத்திரைக்கும் பத்தியம் உண்டு

கொச்சி தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் ஆழ்கடல் படகுகளில் பல, குமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்து மீனவர்களுடையவை. அவர்கள் பிடித்து வரும் சூரை மீன் ஐரோப்பாவுக்குப் போவதென்றால், அதில் ஹிஸ்டமின் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்த பிறகே பெட்டி ஏறும். ஒரு மாதிரியில் கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டிவிட்டாலே அந்தச் சரக்கு ஏற்கப்படாது. உள்நாட்டில் விற்கும் மீனுக்கும் சட்டத்தில் வரம்பு உண்டுதான். ஆனால், பெட்டியில் பாதி ஐஸ் உருகிய நிலையில் ஸ்கூட்டரில் தெருத்தெருவாக வரும் மீனை யார் அளந்து பார்க்கிறார்கள்? நல்ல உடம்புக்காரர் அதைச் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் சாப்பிட்டால் ஆகலாம். அந்த எச்சரிக்கையை அவருக்குச் சொல்லும் பொறுப்பை நம் மருத்துவ ஏற்பாடு யாரிடமும் உறுதியாக ஒப்படைக்கவில்லை என்பதே என் குறை.

சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. குழம்பில் கொதித்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அது அழியாது. மூக்கால் முகர்ந்தும் கண்டுபிடிக்க முடியாது. நம் குடலில் இருக்கும் ஒரு நொதி, சாப்பாட்டோடு வரும் ஹிஸ்டமினை உடைத்து ஒழித்துவிடும். காசநோய் சிகிச்சையின் அடிப்படை மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட் அந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. விளைவு, சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, உடல் அரித்து, சிலருக்கு மூச்சும் முட்டுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. இலங்கையின் மார்புநோய் மருத்துவர் சி. ஜி. உரகொட, மருந்தியலாளர் எஸ். ஆர். கொத்தேகொடவுடன் சேர்ந்து 1977இலேயே இதை ஆய்விதழில் எழுதினார். ஐசோனியசிட் எடுத்துவந்த ஒருவருக்குச் சூரை சாப்பிட்டு ஏற்பட்ட ஒவ்வாமை போன்ற பாதிப்பைத் தொடர்ந்து பக்கவாதமே வந்ததை 1978இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. அமெரிக்காவில் இம்மருந்தோடு வரும் குறிப்பில் சூரை மீனின் பெயர் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும், அந்த மீனை வாரத்தில் பல நாள் சமைக்கும் கரைகளில் இது பொது அறிவாகவில்லை. படபடப்பு மட்டும்தான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று நோயாளியே முடிவு கட்டி மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆறு மாதச் சிகிச்சை பாதியில் நின்றால், மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு வழி திறக்கிறது. தப்பு மீனுடையது, பழி மாத்திரைக்கு.

சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. ஏழைகளுக்கு அது செய்த நன்மை அளவிட முடியாதது. அன்றிலிருந்து சிகிச்சை நம் வீட்டு அடுப்படிக்குள் வந்துவிட்டது. அடுப்படியைப் பற்றிய அறிவுரை மட்டும் கூடவே வரவில்லை. காசநோய்க்கு மட்டுமான குறையும் அல்ல இது. தைராய்டு மாத்திரையைக் காலைக் காபியோடு விழுங்கினால் மருந்து சரியாக உடலில் சேர்வதில்லை. புகையிலைப் புகை கல்லீரல் நொதி ஒன்றை முடுக்கிவிடுவதால், இளைப்புக்குத் தரும் தியோஃபிலின் சீக்கிரம் கரைந்து போகிறது. பீடியை விட்ட பிறகும் பழைய அளவிலேயே அதைத் தொடர்ந்தால் மருந்து மிகுந்து நஞ்சாகலாம். கொச்சி மட்டாஞ்சேரியின் பேரை உலகறியச் செய்த மிளகையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பைப்பரின், சில மருந்துகளைக் குடலும் கல்லீரலும் சிதைப்பதை மட்டுப்படுத்துகிறது. அந்தக் குணத்தை வைத்தே, 10 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்து, ரிஃபாம்பிசின் அளவை 450 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்த காசநோய் மருந்து 2009இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. ரசத்து மிளகைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். 'மூலிகைதானே' என்று பைப்பரின் செறிந்த கேப்ஸ்யூலை வாங்கி விழுங்குகிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இப்படியெல்லாம் சொன்னால் நோயாளி மிரண்டுபோய் மீனையே விட்டுவிடுவார், சத்துக்குறைவு காசநோயைவிட முந்திக்கொள்ளும் என்பார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தானே அரசு காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரிலிருந்து அதை ஆயிரமாக்கியது? அந்தப் பணத்தில் வாங்கக்கூடிய மலிவான புரதம் பெரும்பாலும் மத்தியும் அயிலையும்தான். ஆனால் மிரட்சியைக் கிளப்புவது அரைகுறைத் தகவலே. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரிடம் 'கீரையே தொடாதே' என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கீரையை நிறுத்தத் தேவையில்லை, வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்பதே சரியான யோசனை. அதேபோல் ஐசோனியசிட் எடுப்பவருக்குக் கரிமீன், கொடுவா, இறால், முட்டை, பருப்பு எதற்கும் தடையில்லை. சூரையைத் தவிர்க்கட்டும், அயிலையும் மத்தியும் ஐஸில் வைத்த புது மீன் என்று உறுதியானால் மட்டும் வாங்கட்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

அந்த அரை நிமிடமும் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் இல்லை என்பது அடுத்த வாதம். வரிசையைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க முடியாது. அதனால்தான் இந்தப் பொறுப்பு மருந்தாளுநரிடம் போக வேண்டும் என்கிறேன். மருந்து வாங்க வருபவருக்கு அதைப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கைகளையும் எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தகப் பணி விதிமுறைகள் ஏற்கெனவே கூறுகின்றன. நடைமுறையில், அட்டையின் பின்னால் பேனாவால் போடும் இரண்டு கோடுகளோடு அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. காசநோய்த் திட்டமோ வீடு வரை ஆஷா பணியாளர்களை அனுப்புகிறது. அவர்கள் கையில் மீன்களின் படமும் உள்ளூர்ப் பெயரும் அச்சிட்ட ஒரு சீட்டைக் கொடுக்கப் பெரிய செலவு ஆகாது. தோப்பும்படி முதல் தூத்துக்குடி வரை, மலையாளத்திலும் தமிழிலும் அந்தச் சீட்டை அச்சிட்டு, மாத்திரையோடு சேர்த்தே தர வேண்டும் என்று இரு மாநில நலவாழ்வுத் துறைகளையும் கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: மருந்துச் சீட்டை நீட்டும்போது 'இதற்கு எதை எப்போது சாப்பிடக் கூடாது?' என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை கவுன்டரை விட்டு நகராதீர்கள்.