ரெம் வாங்குவதற்கு முதல் ஒரு கொப்பித் தாளை எடுங்கள்

“மெமரி 85 வீதம் நிரம்பியிருக்கு நானா. ரெம் கூட்டணும். இல்லாட்டி போர்மட் அடிக்கணும்.”

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோகும் பெற்றோரில் அநேகர் கேட்டுவிட்டு வரும் வசனம் இது. சிலருக்கு மூன்றாவது ஆலோசனையும் கிடைக்கிறது: “இது பழசு, புதிசு ஒன்று பாருங்க.”

இந்த மூன்றில் ஏதாவது ஒன்று சரியாக இருக்கலாம். ஆனால் 85 வீதம் என்ற ஓர் இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்காமலே மருந்து எழுதுவது போன்றது அது. அந்தக் கேள்விக்குரிய பதில் கடையில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. அதைப் பெற்றோரும் பிள்ளைகளும் தாங்களே கண்டுபிடிக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், இது ஏன் சின்ன விடயம் அல்ல என்று சொல்கிறேன். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பு சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போனது. எத்தனையோ குடும்பங்கள் கடன்பட்டு, நகையை அடகு வைத்து, பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்கின. 2022 இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. அன்று வாங்கிய அதே கணினியைத் திரும்ப வாங்குவது பலருக்குக் கனவாகிவிட்டது. இப்போது 2025 இன் இறுதியிலிருந்து உலகச் சந்தையில் ரெம் விலையும் கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே அதற்குப் பெரிய காரணம். இப்படியான காலத்தில் தேவையில்லாமல் ஒரு ரெம் வாங்குவது வீண்விரயம். போர்மட் அடிப்பதால் உயர்தரப் பிள்ளையின் செயற்றிட்டக் கோப்பு அழிந்துபோனால், அது வீண்விரயத்தையும் விடப் பெரிய நட்டம்.

சரி, விடயத்துக்கு வருவோம்.

கணினியின் நினைவகம் நிரம்பிக் கிடப்பதற்கு அடிப்படையில் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வேலை கூட இருப்பது. மற்றது, நினைவகம் கசிவது. திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு.

வீட்டில் கல்யாணம் என்றால் தண்ணீர் கூடச் செலவாகும். விருந்தாளிகள் போனதும் பழைய அளவுக்கு வந்துவிடும். அது வேலைப் பளு. ஆனால் மண்ணுக்கடியில் குழாய் கசிந்தால், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்திலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அது கசிவு.

கணினியில் கசிவு எப்படி நடக்கிறது? ஒரு மென்பொருள் வேலை செய்யும்போது பணிசெயல் முறைமையிடம் “கொஞ்சம் இடம் தா” என்று கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எழுதியவர் விட்ட பிழையால் சில மென்பொருள்கள் திருப்பிக் கொடுப்பதில்லை. அடுத்த தடவை மீண்டும் கேட்கும். ஒவ்வொரு தடவையும் மிகச் சிறிய அளவுதான். ஆனால் மணிக்கணக்கில், நாட்கணக்கில் சேர்ந்து முழு நினைவகத்தையும் அது விழுங்கிவிடும்.

இது வீட்டுக் கணினிக்கு மட்டும் வருகிற பிரச்சினை அல்ல. 1992 இல் இலண்டன் நகரின் அம்பியூலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்புவதற்குப் புதிதாகக் கணினி முறைமை ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் முதல் நாட்களிலேயே பெரும் குழப்பம். பிறகு நவம்பர் 4 அதிகாலையில் முறைமை முழுதாகவே நின்றுபோனது, ஊழியர்கள் மீண்டும் காகிதத்துக்குப் போக வேண்டியிருந்தது. விசாரணையில் தெரியவந்த காரணம் இதுதான்: சுமார் மூன்று வாரங்களுக்கு முன்னர் செய்த வேலையொன்றின்போது, நிரலில் ஒரு சிறு பகுதி தவறுதலாக விடப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டி அனுப்பப்படும்போது சேவையகத்தின் நினைவகத்தில் சிறிதளவு பிடிக்கப்பட்டு, விடுவிக்கப்படாமல் இருந்தது. மூன்று வாரத்தில் எல்லாம் தீர்ந்துபோனது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த மூன்று வாரம் என்ற கால அளவைத்தான். முதல் நாள் பார்த்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. கசிவு என்பது காலத்தோடு மட்டுமே வெளிப்படுகிற நோய். கடைக்காரர் உங்கள் லெப்டொப்பைப் பத்து நிமிடம் திறந்து பார்க்கிறார். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக, நேர்மையானவராக இருந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தில் கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அளக்கும் வேலை வீட்டில் நடக்க வேண்டும் என்கிறேன்.

எப்படி அளப்பது? ஒரு கொப்பித் தாளும் பேனையும் போதும்.

கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் பெர்போமன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தெரிவுசெய்யுங்கள். “இன் யூஸ்”, “அவெய்லபள்”, “நொன் பேஜ்ட் பூல்” என்ற மூன்று இலக்கங்களையும் நேரத்தோடு எழுதுங்கள். பிறகு புரோசஸஸ் பகுதிக்குப் போய் மெமரி என்ற தலைப்பின்மேல் கிளிக் செய்தால், அதிகம் பிடித்திருப்பவை மேலே வரும். மேலே உள்ள மூன்றின் பெயரையும் அளவையும் எழுதுங்கள்.

பிறகு வழமையான வேலையைச் செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இதே இலக்கங்களை எழுதுங்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் மஃரிபுக்கு முன்னர் மூன்று நான்கு அளவீடுகள் கிடைத்துவிடும். கடைசியாக, திறந்த எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து இன்னொரு தடவை எழுதுங்கள். இந்தக் கடைசி அளவீடுதான் மிக முக்கியமானது. விருந்தாளிகள் போன பிறகும் மீட்டர் ஓடுகிறதா என்று காட்டுவது அதுதான்.

தாளில் மூன்று விதமான கதைகளில் ஒன்று தெரியும்.

முதலாவது: வேலை செய்யும்போது ஏறியது, எல்லாம் மூடியதும் ஏறத்தாழ ஆரம்ப அளவுக்கு இறங்கியது. இது கசிவு அல்ல, வேலைப் பளு. 4 ஜீபி கணினியில் விண்டோஸும் அதன் பின்னணி வேலைகளுமே 2 ஜீபி அளவைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் குரோமில் பதினைந்து பக்கங்கள், சூம், வேர்ட் எல்லாம் திறந்தால் 85 வீதம் வராமல் வேறென்ன வரும்? இங்கே முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலைகள். ஸ்டார்ட்அப் பகுதியில் தானாகத் திறக்கும் செயலிகளில் தேவையற்றதை நிறுத்துங்கள். இரண்டு வைரஸ் காப்பு மென்பொருள்கள் இருந்தால் ஒன்றை அகற்றுங்கள். குரோமில் மெமரி சேவர் என்ற வசதியை இயக்குங்கள்; பார்க்காமல் கிடக்கும் பக்கங்களின் நினைவகத்தை அது விடுவித்துவிடும். இவ்வளவும் செய்தும் போதாவிட்டால், ஆம், அப்போது ரெம் வாங்குவது சரியான முடிவு. அதற்கு முன் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். வீட்டுப் பாவனைக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜீபிக்கு மேல் பாவிக்காது. 8 ஜீபி போட்டும் பிரயோசனமில்லை.

இரண்டாவது: ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகிறது, ஓரிடத்திலும் நிற்கவில்லை. எந்த மென்பொருளும் ஆரம்பத்தில் கொஞ்சம் ஏறும், பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். நிற்காமல் ஏறினால் கசிவு என்று சந்தேகிக்கலாம். அதை மூடித் திறந்தால் இறங்கும். புதிய பதிப்பு இருந்தால் போடுங்கள். இணைய மேலோடி என்றால் நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். நீட்சிகள் எவ்வளவு பெரிய குற்றவாளிகளாக இருந்தன என்றால், 2012 இல் வெளியான பயர்பொக்ஸ் 15 இல் அவற்றால் வரும் கசிவுகளில் பெரும்பகுதியைத் தடுப்பதற்கென்றே ஒரு திருத்தம் செய்தார்கள். குரோமுக்குள் ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் அதற்கே உரிய டாஸ்க் மெனேஜர் வரும். எந்தப் பக்கம், எந்த நீட்சி எவ்வளவு பிடிக்கிறது என்று அது தனித்தனியே காட்டும். டாஸ்க் மெனேஜரில் குரோம் பத்து இருபது வரிகளாகத் தெரிவதைக் கண்டு வைரஸ் என்று பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழாமல் இருப்பதற்காக 2008 முதலே அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது: எந்த மென்பொருளும் பெரிதாக ஏறவில்லை, எல்லாவற்றையும் மூடியும் ஆகிவிட்டது, ஆனாலும் “இன் யூஸ்” இறங்கவில்லை. “நொன் பேஜ்ட் பூல்” என்ற இலக்கத்தைப் பாருங்கள். அது வழமையாகச் சில நூறு மெகாபைட்டுக்குள் இருக்கும். அது ஜீபிக் கணக்கில் ஏறியிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஒரு டிரைவர். வைஃபை, நெட்வேர்க் போன்றவற்றின் டிரைவரை, கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்துப் புதுப்பியுங்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. “நான் தினமும் இரவில் ஷட்டவுன் செய்கிறேனே, பிறகு எப்படி?” என்று கேட்பார்கள். 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொரு வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், பணிசெயல் முறைமையின் கருவும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே வன்தட்டில் எழுதிவைக்கப்பட்டு, காலையில் திரும்ப ஏற்றப்படும். டிரைவரின் கசிவும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே வாரத்துக்கு இரண்டு தடவையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். காசு செலவில்லாத மருந்து இது.

“எதற்கு இவ்வளவு கரைச்சல்? ரெம் கூட்டினால் எல்லாவற்றுக்கும் தீர்வுதானே” என்று சிலர் சொல்லலாம். சின்னக் கணக்கொன்று போடுவோம். மணிக்கு 300 மெகாபைட் கசிகிறது, 2 ஜீபி இடம் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 7 மணி நேரத்தில் நிரம்பிவிடும். இன்னும் 4 ஜீபி வாங்கிப் போட்டால் ஏறத்தாழ 20 மணி நேரத்தில் நிரம்பும். கசிவு நின்றதா? இல்லை. காலையில் வந்த பிரச்சினை நாளை வரும், அவ்வளவுதான். போர்மட்டும் இப்படித்தான். முதல் வாரம் பறக்கும். பிறகு அதே நீட்சி, அதே டிரைவர், அதே செயலிகள் திரும்பப் போடப்படும். பிரச்சினையும் திரும்பி வரும், பிள்ளையின் கோப்புகள்தான் திரும்பி வராது.

“ரெம் கிளீனர்” என்று இலவசமாகக் கிடைக்கும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் செய்வது, இயங்கும் மென்பொருள்களின் தரவை நினைவகத்திலிருந்து வலிந்து வெளியே தள்ளுவதைத்தான். இலக்கம் உடனே குறையும், மனம் குளிரும். அடுத்த நிமிடம் மென்பொருளுக்கு அந்தத் தரவு தேவைப்படும்போது அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், பல நேரம் வன்தட்டிலிருந்து. சுழலும் பழைய வன்தட்டு உள்ள கணினியில் இது இருந்த வேகத்தையும் கெடுத்துவிடும். உண்மையில் அப்படியான பழைய கணினிக்குச் செலவு செய்வதென்றால், பல வேளை ரெமை விட எஸ்எஸ்டி ஒன்றுதான் கூடிய பலன் தரும். ஏனெனில் நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை வன்தட்டில்தான் வைக்கிறது. நாம் “ஸ்டக் ஆகிறது” என்று சொல்வது பெரும்பாலும் அந்தப் போக்குவரத்தைத்தான்.

கடை வைத்திருக்கும் சகோதரர்கள் கோபப்பட வேண்டாம். உங்கள் நிலைமையும் விளங்குகிறது. போர்மட்டுக்கு ஒரு நேரமும் ஒரு கட்டணமும் இருக்கிறது. மூன்று மணி நேரம் இருந்து கசிவைத் தேடுவதற்கு யாரும் காசு தருவதில்லை. ஆகவே அளவீட்டை வாடிக்கையாளர் எழுதிக்கொண்டு வரட்டும். அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். உங்களுக்கும் வேலை இலகு, அவருக்கும் நம்பிக்கை.

ஆசிரியர்களான எங்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. தரம் 10 இல் பிள்ளைகள் நினைவகத்தின் வகைகளைப் படிக்கிறார்கள், பணிசெயல் முறைமையின் பணிகளைப் படிக்கிறார்கள். “நினைவக முகாமைத்துவம்” என்று பரீட்சையில் அழகாக எழுதிப் புள்ளியும் எடுக்கிறார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேர் டாஸ்க் மெனேஜரைத் திறந்து, தங்கள் வீட்டுக் கணினியில் அந்த முகாமைத்துவம் எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்? இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. ஒரு பாடவேளை போதும். காலையில் ஆய்வுகூடத்தைத் திறக்கும்போது ஒரு குழு அளவெடுக்கட்டும், இடைவேளையில் இன்னொரு குழு, மூடும்போது மற்றொரு குழு. வரைபுத் தாளில் கோடு வரையட்டும். ஏறி நிற்கும் கோடு எது, நிற்காமல் ஏறும் கோடு எது என்று பிள்ளைகளே சொல்வார்கள். கணித ஆசிரியருக்கும் படித்திறனைக் கற்பிக்க நல்ல உதாரணம் கிடைக்கும்.

இந்தப் பதிவை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தச் சனிக்கிழமை, வீட்டிலுள்ள பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து மேலே சொன்ன அளவீட்டைச் செய்யச் சொல்லுங்கள். கடைக்குப் போவதாக இருந்தாலும் அந்தத் தாளோடு போங்கள். யாராவது போர்மட் என்று சொன்னால், பிள்ளையின் கோப்புகள் வேறொரு இடத்தில் பிரதி எடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தாளில் என்ன வந்தது என்று கீழே கருத்தில் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், இருந்து பார்த்துப் பதில் சொல்கிறேன்.