மயக்கம் வந்தால் பித்தமா?

வடாம் பிழிகிற நாளில் யாருக்காவது மயக்கம் வந்தால் நாம் வெயிலைத்தான் குற்றம் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன், சகோதரிகளே.

சென்ற பங்குனியில் என் பெரிய நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வயது 52. வடாம் மாவுப் பாத்திரத்தோடு மொட்டை மாடிக்கு ஏறினவர், கடைசிப் படியில் "கண்ணை இருட்டுதும்மா" என்று உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டார். சற்று நேரத்தில் தெளிந்தது. "பித்தம்தான், வேறொண்ணுமில்லே" என்றார். ஆனால் மார்பில் படபடப்பு மட்டும் அடங்கவில்லை. ஒரு மாதமாகவே இருக்கிறதாம். மாதவிலக்கு நிற்கிற வயசு, அதனால்தான் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்!

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடியில் ஒழுங்கே இல்லை. இரண்டு துடிப்பு நெருக்கமாக, அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி ஓட்டம். எனக்கு பயமாகிவிட்டது. அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஸ்டெதஸ்கோப்பில் இரைச்சல் கேட்கிறது என்று சொல்லி ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்கச் சொன்னார்.

டாக்டர் விளக்கியது இது. இதயத்தின் இடது கீழறையிலிருந்து சுத்த ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள கதவுதான் அயோர்ட்டிக் வால்வு. அதற்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். ஏறக்குறைய நூறில் ஒருவருக்குப் பிறவியிலேயே இரண்டுதான். சின்ன வயதில் ஒன்றும் தெரியாது. நாளடைவில் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து வாசல் குறுகிவிடும். அதன் வழியே ரத்தத்தைத் தள்ளித் தள்ளிக் கீழறைச் சுவர் தடித்து விறைத்துப் போகும்.

விறைத்த கீழறை நிரம்ப வேண்டுமானால் மேலறை கடைசியாக ஒருமுறை நன்றாக அழுத்தித் தர வேண்டும். அந்த மேலறையும் பாரம் தாங்காமல், சுருங்குவதற்குப் பதில் வெறுமனே நடுங்க ஆரம்பிப்பதைத்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். படபடக்கும், மூச்சு வாங்கும். அங்கே தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். வேறு சிலருக்குச் சுண்ணாம்பு பக்கத்திலுள்ள மின்பாதையைத் தொட்டுத் துடிப்பே மந்தமாகிவிடும். அவர்களுக்குப் பேஸ்மேக்கர் வைக்க நேரலாம்.

நாத்தனாருக்கு வைகாசியில் ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு பொருத்தினார்கள். வயதானவர்களுக்கு மார்பைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே வால்வு வைக்கும் முறையும் இருக்கிறது. 2002-ல் பிரான்ஸில் டாக்டர் அலென் கிரிபியே இதை முதன்முதலில் செய்தார்.

இப்போது சமையலறை விஷயம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். வால்வு இருக்கும்வரை அது தினமும், ஒரே நேரத்தில். டாக்டர் சொல்லும் நாளில் ரத்தப் பரிசோதனை. கீரையை அறவே விட வேண்டாம். ஒருநாள் கட்டுக்கட்டாகவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் வேண்டாம், வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும் என்றார்கள். தலைவலி, மூட்டுவலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது. பல் பிடுங்கப் போனால் வால்வு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இந்த இரண்டு இதழ் வால்வு சில குடும்பங்களில் தொடர்ந்து வருமாம். அதனால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் எக்கோ பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு மூன்று இதழ். நாத்தனாரின் மூத்த மகனுக்கு இரண்டு! இப்போது தொந்தரவில்லை. ஆனாலும் விடாமல் டாக்டரிடம் காட்டி வருகிறான்.

நாடி பார்ப்பது கஷ்டமில்லை. கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை, சீராக இருக்க வேண்டும். தாறுமாறாக இருந்தால் டாக்டரிடம் போங்கள். படி ஏறும்போதோ, குடம் தூக்கும்போதோ கண் இருட்டினால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் எல்லோருடைய உடம்பையும் கவனிக்கிற நாம், நமக்கு வந்தால் மட்டும் "பித்தம்" என்று சொல்லி அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறோம். இனி அப்படி வேண்டாம்.